ஒற்றைத் திரை தியேட்டர், கையில் கொஞ்சம் பணம்: எதை முதலில் சரிசெய்வது?

மூன்றாவது மணி எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முழுதாகச் சொன்னால்தான் உங்களுக்கும் யோசனை சொல்ல வசதியாக இருக்கும்.

எங்களுடையது ஒற்றைத் திரை தியேட்டர். தாத்தா கட்டியது, அப்பா முப்பது வருடமாக நடத்துகிறார், நான் வேறு வேலையை விட்டுவிட்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. பால்கனியோடு சேர்த்து 700 இருக்கை. போன வருடம் பக்கத்திலேயே ஐந்து திரை மல்டிபிளக்ஸ் ஒன்று வந்தது. சாய்வு இருக்கை, போனிலேயே முன்பதிவு, வண்டி நிறுத்த நல்ல இடம், எல்லாம் இருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, நானே போய் இரண்டு படம் பார்த்துவிட்டு வந்தேன், நன்றாகத்தான் இருக்கிறது.

எங்களுக்குப் பெரிய படம் ரிலீஸ் ஆனால் முதல் மூன்று நாள் கூட்டம் வருகிறது. நான்காவது நாளிலிருந்து பகல் காட்சிக்குப் பதினைந்து பேர், சில நாள் அதுவும் இல்லை. ஐந்து பேருக்கும் அதே விளக்கு, அதே ஏசி, அதே ஆள் சம்பளம்.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. இருக்கையை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் அப்பா. மைத்துனர் கடன் வாங்கி லேசர் புரொஜெக்டர் போடச் சொல்கிறார். கிடங்காக வாடகைக்குக் கேட்டு ஒருவர் இரண்டு முறை வந்துவிட்டார், அதை அம்மா மெதுவாக ஆதரிக்கிறாள், அவளையும் தப்பு சொல்ல முடியாது. கையில் இருக்கும் பணத்துக்கு இதில் ஏதாவது ஒன்றைத்தான் செய்ய முடியும்.

இதை எழுத வைத்தது போன வாரம் நடந்த ஒன்று. என் சின்ன வயதிலிருந்து எங்கள் தியேட்டருக்கு வரும் பெரியவர் ஒருவர், எப்போதும் ஒரே இருக்கையில்தான் உட்காருவார். இடைவேளையில் வெளியே வந்து என் கையைப் பிடித்து, "தம்பி, படம் இருட்டடிச்ச மாதிரி தெரியுதே, என் கண்ணுதானா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு வருடமாகத் தினமும் அந்தத் திரையைப் பார்க்கிறேன், எனக்கு அது பழகிப்போய்விட்டது.

தியேட்டர் தொழிலில் இருப்பவர்கள், இருந்தவர்கள், படம் பார்க்கிறவர்கள், யாராக இருந்தாலும் சொல்லுங்கள். முதலில் எதில் கை வைப்பது?


கேபின்காரன் எழுதியது:

தம்பி, 28 வருடம் கேபினில், அதாவது புரொஜெக்டர் அறையில் இருந்தவன் நான். பெட்டி வந்து ரீல் மாற்றிய காலத்திலிருந்து ஹார்ட் டிஸ்க் வரும் காலம் வரை பார்த்தாயிற்று. பிலிமில் 2,000 அடி ரீல் என்றால் 22 நிமிடம்தான், திரையின் வலது மேல் மூலையில் புள்ளி வரும்போது அடுத்த மெஷினுக்கு மாற்ற வேண்டும், கண்ணை எடுக்க முடியாது. அதனால் ஆபரேட்டர் படம் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். டிஜிட்டல் வந்த பிறகு காலையில் பட்டனை அழுத்தினால் ராத்திரி வரை தானாக ஓடுகிறது. வசதிதான், ஆனால் திரையைப் பார்க்கிற கண் கேபினிலிருந்து போய்விட்டது. உங்கள் பெரியவர் செய்தது பழைய ஆபரேட்டர் செய்ய வேண்டிய வேலை.

அவர் கண்ணில் குறை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அளந்து பாருங்கள். ஹாலிவுட்டின் ஏழு ஸ்டூடியோக்கள் 2002-ல் சேர்ந்து டிசிஐ என்று ஓர் அமைப்பை வைத்து, 2005-ல் டிஜிட்டல் தியேட்டருக்கான விதிமுறையை வெளியிட்டார்கள். அதன்படி திரையின் நடுவில் வெளிச்சம் 14 ஃபுட் லாம்பர்ட் இருக்க வேண்டும், சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா என்றும் சொல்வார்கள், இரண்டும் ஒன்றுதான். நான் போய்ப் பார்த்த பழைய தியேட்டர்களில் பாதிக்கு மேல் 7, 8 தாண்டவில்லை. இருட்டுக் காட்சியில் முகமே தெரியாது, ஜனங்கள் படம் எடுத்தவனைத் திட்டிவிட்டுப் போவார்கள்.

வெளிச்சம் குறைய என்னென்ன காரணம் என்று சொல்கிறேன். முதலில் புரொஜெக்டருக்குள் இருக்கும் செனான் விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது என்று பாருங்கள், புரொஜெக்டர் மெனுவிலேயே இருக்கும். கம்பெனி கொடுத்த நேரம் தாண்டியும் எரியும், ஆனால் வெளிச்சம் சரிந்துகொண்டே வரும். சில முதலாளிகள் விளக்கு நீடிக்கட்டும் என்று கரண்டைக் குறைத்து ஓட்டச் சொல்வார்கள், ஒரு அளவுக்குக் கீழே போனால் விளக்கு நடுங்க ஆரம்பித்துச் சீக்கிரமே கெட்டுப்போகும், மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும். அப்புறம் விளக்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டரில் தூசி. அப்புறம் கேபினுக்கும் ஹாலுக்கும் நடுவே இருக்கிற கண்ணாடி. சிரிக்காதீர்கள், அந்தக் கண்ணாடியை ஐந்து வருடமாகத் துடைக்காத தியேட்டர் எனக்குத் தெரியும். 3டி போட்டிருந்தீர்களானால் லென்ஸுக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் சாதாரணப் படத்துக்கும் அங்கேயே நிற்கிறதா என்று பாருங்கள், அது பாதி வெளிச்சத்துக்கு மேல் விழுங்கிவிடும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். செனான் விளக்கை நீங்களாகத் தொடாதீர்கள். அணைந்து ஆறிப்போய் இருந்தாலும் உள்ளே அழுத்தம் இருக்கும், கை தவறினால் வெடிக்கும். முகக்கவசமும் கையுறையும் தடித்த மேலங்கியும் இல்லாமல் அந்தக் கதவையே திறக்கக் கூடாது.

அடுத்தது திரை. இது நான் வேலை பார்த்த இடத்தில் நடந்தது. திரை மஞ்சளடித்துவிட்டது என்று முதலாளி பெயின்டரைக் கூப்பிட்டு சுவருக்கு அடிக்கிற வெள்ளையையே அடித்துவிட்டார். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. மறுநாள் படம் போட்டால் வசனம் தலையணைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி வருகிறது. திரை முழுக்க ஊசிமுனை அளவு ஓட்டைகள் இருக்கும், ஸ்பீக்கர் திரைக்குப் பின்னால்தானே இருக்கிறது, சத்தம் அந்த ஓட்டை வழியாகத்தான் வர வேண்டும். பெயின்ட் அவ்வளவையும் அடைத்துவிட்டது. ஏணி போட்டு ஏறி, திரையை விரலால் தடவிப் பார்த்தபோதுதான் புரிந்தது, வழவழவென்று இருந்தது. கடைசியில் புதுத் திரைதான் வாங்க வேண்டி வந்தது.

சத்தத்தைப் பொறுத்தவரை நடு ஸ்பீக்கரை மட்டும் தனியாக ஓட விட்டுக் கேளுங்கள். வசனம் பெரும்பாலும் அதில்தான் வருகிறது. அதன் ஹார்னில் இருக்கும் டயஃப்ரம், அதாவது அதிர்ந்து சத்தம் எழுப்புகிற மெல்லிய தகடு, போயிருந்தால் பேச்சு தெளிவாகவே இருக்காது, ஆள் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவான், காது வலிக்குமே தவிர வார்த்தை விளங்காது. டயஃப்ரம் சின்னச் செலவு.

லேசர் நல்லதுதான், 20,000 மணி நேரத்துக்கு மேல் ஓடும், விளக்கு மாற்றுகிற தொல்லை இல்லை. ஆனால் அழுக்குக் கண்ணாடி வழியாக லேசர் அடித்தாலும் அழுக்காகத்தான் தெரியும். இருப்பதை முதலில் அளவுக்குக் கொண்டுவாருங்கள், அப்புறம் கடனைப் பற்றி யோசிக்கலாம்.


மூன்றாவது மணி எழுதியது:

அண்ணா, இப்போதுதான் கேபினுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். விளக்கு 2,300 மணி நேரம் காட்டுகிறது. 3டி வந்தபோது போட்ட, வெள்ளி மாதிரிப் பளபளக்கும் பூச்சு உள்ள வெள்ளித் திரைதான் இன்னும் இருக்கிறது. ஃபில்டரும் அப்படியே லென்ஸுக்கு முன்னால் நிற்கிறது. நாங்கள் கடைசியாக 3டி ஓட்டி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது இருக்கும் பையன் அதற்கப்புறம் வந்தவன், அது மெஷினோடு சேர்ந்தது என்று நினைத்திருக்கிறான். அவன் மேல் தப்பில்லை, நான்தான் பார்த்திருக்க வேண்டும்.


கேபின்காரன் எழுதியது:

அப்படியானால் பெரியவர் கண் நன்றாக இருக்கிறது. ஃபில்டரை இன்றைக்கே எடுங்கள். வெள்ளித் திரையில் இன்னொரு குணம் உண்டு, நடுவில் உட்காருபவனுக்குப் பளபளப்பாகவும் ஓரத்தில் உட்காருபவனுக்கு மங்கலாகவும் தெரியும். 3டி இனி ஓட்டப் போவதில்லை என்றால் பிறகு ஒரு நாள் சாதாரண வெள்ளைத் திரைக்கு மாறிக்கொள்ளலாம். சர்வீஸ் இன்ஜினியர் வரும்போது மீட்டர் கொண்டுவரச் சொல்லி, நடுவிலும் நான்கு மூலையிலும் அளந்து எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.


வெள்ளிக்கிழமை எழுதியது:

நான் விநியோகத் தரப்பில் பல வருடம் இருந்தவன், படம் போடுகிற பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்கிறேன். கேபின்காரன் சொன்னதெல்லாம் சரி, ஆனால் திரை பளிச்சென்று ஆன பிறகும் பகல் காட்சிக்குப் பதினைந்து பேர்தான் வருவார்கள், ஏனென்றால் உங்கள் பிரச்சினையில் பாதி கணக்கில் இருக்கிறது.

700 இருக்கை, நாளுக்கு நாலு காட்சி, வாரம் ஏழு நாள். 19,600 இருக்கை. ஒரே படத்தை வைத்து இத்தனையை நிரப்ப இன்றைக்கு எந்தத் தியேட்டராலும் முடியாது. ஐந்து திரை வைத்திருப்பவன் என்ன செய்கிறான்? வெள்ளிக்கிழமை பெரிய ஹாலில் போடுவான், திங்கட்கிழமை கூட்டம் குறைந்தால் அதே படத்தை நூறு பேர் ஹாலுக்குத் தள்ளிவிடுவான், பெரிய ஹாலுக்கு வேறு படம். ஒரு படம் ஊத்திக்கொண்டாலும் மற்ற நான்கில் ஒன்று காப்பாற்றும். உங்களுக்கு வாரத்துக்கு ஒரே சீட்டு, அது விழவில்லையென்றால் அடுத்த வெள்ளி வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அதனால் அவர்களோடு முதல் வாரத்தில் எல்லாப் படத்துக்கும் மோதாதீர்கள். முதல் வாரத்தில்தான் எங்களுக்குப் போகும் பங்கு அதிகம், அடுத்தடுத்த வாரங்களில் உங்கள் பங்கு கூடும். வருடத்தில் சில படங்கள்தான் பெரிய திரைக்கென்றே எடுக்கப்படுகிறவை, அவற்றுக்கு மட்டும் முதல் நாளிலிருந்து நில்லுங்கள். 700 பேர் ஒன்றாக உட்கார்ந்து கைதட்டுகிற அனுபவத்தை நூறு பேர் ஹாலால் தர முடியாது, அது உங்களிடம்தான் இருக்கிறது. மற்ற வாரங்களில் இரண்டாவது, மூன்றாவது வாரப் படங்களை எடுங்கள். முதல் வாரம் தவறவிட்டவர்கள், கூட்டம் பிடிக்காதவர்கள், "நல்லா இருக்காம்" என்று கேள்விப்பட்டுக் கிளம்புகிறவர்கள் அப்போதுதான் வருகிறார்கள்.

இன்னொன்று, காட்சிகளைப் பிரியுங்கள். பிலிம் காலத்தில் ஒரு பெட்டி வந்தால் அதுதான் அந்த வாரம். இப்போது சர்வரில் நாலைந்து படம் ஏற்றி வைத்துக்கொள்ளலாம். பகலில் சிறுவர் படம், மாலையில் குடும்பப் படம், இரவில் வேறு. படத்தைத் திறக்கும் கேடிஎம் என்கிற டிஜிட்டல் திறவுகோல் ஒரு குறிப்பிட்ட சர்வருக்கு, குறிப்பிட்ட நாளிலிருந்து குறிப்பிட்ட நாள் வரைதான் வேலை செய்யும், அதனால் விநியோகஸ்தர் சம்மதம் இல்லாமல் எதையும் ஓட்ட முடியாது. நாலு காட்சியும் எனக்கே வேண்டும் என்று முதல் பேச்சில் எல்லோரும் சொல்வோம். பேசுங்கள். வெறும் பேச்சு எடுபடாது, ஆறு மாதத்துக்கு ஒவ்வொரு காட்சிக்கும் எத்தனை பேர் வந்தார்கள் என்று நோட்டில் எழுதிக் கொண்டுவந்து மேசையில் வைத்துப் பேசுங்கள். செவ்வாய்க்கிழமை பகல் காட்சிக்குச் சராசரி ஒன்பது பேர் என்று கண்ணால் பார்த்தால், எங்கள் ஆளே "சரி, அந்தக் காட்சியை விட்டுத்தருகிறேன்" என்பார். நானே அப்படி விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

அப்பா சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, இருக்கை முக்கியம். ஆனால் 700-ஐயும் மாற்ற வேண்டுமா? பால்கனியை சாதாரண நாட்களில் மூடி வைத்துவிட்டு, கீழே நடுப்பகுதியை மட்டும் மாற்றலாம். எண்ணிக்கை குறைந்தாலும் இடைவெளி கூடும், கால் நீட்ட இடம் கிடைத்தால் ஜனம் அதைப் பற்றித்தான் வெளியே போய்ப் பேசும்.


நான்கு டிக்கெட் எழுதியது:

நான் தொழிலில் இல்லை. இரண்டு பிள்ளைகளின் அம்மா, மாதம் ஒரு படமாவது தியேட்டரில் பார்க்கிற குடும்பம் எங்களுடையது. எந்தத் தியேட்டருக்குப் போகலாம் என்று எங்கள் வீட்டில் முடிவு செய்வது நான்தான், எனக்குத் தெரிந்த வீடுகளிலும் அப்படித்தான்.

இதுவரை எழுதிய யாரும் கழிப்பறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் ஒரு பழைய தியேட்டரை விட்டதற்கு திரையும் காரணமில்லை, இருக்கையும் காரணமில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு போனால் தாழ்ப்பாள் இல்லை, நான் கதவை வெளியிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், தரை முழுக்கத் தண்ணீர், விளக்கு ஒன்று எரியும் ஒன்று எரியாது. அவள் படம் முழுக்க அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், வீட்டுக்கு வந்துதான் போனாள். அதற்கப்புறம் நான் அங்கே போகவில்லை. அந்தத் தியேட்டர்காரர் நான் ஏன் வரவில்லை என்று ஒருநாளும் தெரிந்துகொண்டிருக்க மாட்டார், யாரும் போய்ச் சொல்லமாட்டோம், பேசாமல் வேறு இடத்துக்குப் போய்விடுவோம். ஒரு குடும்பம் போனால் நான்கு டிக்கெட் போகிறது.

உங்களிடம் ஒன்றுக்கு மட்டும்தான் பணம் இருக்கிறது என்றால் கழிப்பறையைச் செய்யுங்கள். தண்ணீர், தாழ்ப்பாள், பை மாட்ட ஒரு கொக்கி, சோப்பு, நல்ல விளக்கு. இடைவேளையில் ஒருவர் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பெண்கள் பக்கம் எண்ணிக்கை கூடுதலாக வேண்டும், பதினைந்து நிமிட இடைவேளையில் வரிசை நகர்வதற்குள் படம் ஆரம்பித்துவிடுகிறது.

அப்புறம் வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் விளக்கு. இரவுக் காட்சி விட்டு வரும்போது இருட்டில் வண்டியைத் தேடுவது எனக்குப் பிடிக்காது. உள்ளே யாராவது தொந்தரவு செய்தால் யாரிடம் சொல்வது என்று தெரிய வேண்டும், டார்ச் வைத்துக்கொண்டு ஒருவர் நடமாடினாலே போதும்.

உங்களால் முடிந்தால் இன்னொன்றும் யோசியுங்கள். கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு என்று வாரத்தில் ஒரு பகல் காட்சி, சத்தம் கொஞ்சம் குறைவாக, விளக்கு முழுதாக அணைக்காமல். குழந்தை அழுதால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்தாலே அம்மாக்கள் வருவார்கள். என் இரண்டாவது பிள்ளை பிறந்து இரண்டு வருடம் நான் தியேட்டர் வாசலையே மிதிக்கவில்லை. நீங்கள் சொன்ன அந்தப் பதினைந்து பேர் பகல் காட்சிதான் எங்களுக்கு வேண்டிய நேரம்.


ஞாயிறு காலை எழுதியது:

நான்கு டிக்கெட் எழுதியதை எல்லாத் தியேட்டர் முதலாளிகளும் படிக்க வேண்டும்.

நான் ஒரு திரைப்படச் சங்கத்தில் இருக்கிறேன். பழைய தியேட்டர் பிழைப்பது புதிய கதை இல்லை என்று சொல்லத்தான் வந்தேன். பிரிட்டனில் 1946-ல் ஒரு வருடத்தில் 160 கோடிக்கும் மேல் டிக்கெட் விற்றது. டிவி வந்தது, வீடியோ வந்தது, 1984-ல் அது ஐந்தரைக் கோடிக்கும் கீழே போய்விட்டது. சினிமா முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அடுத்த வருடம் மில்டன் கீன்ஸில் பத்துத் திரையோடு அந்த நாட்டின் முதல் மல்டிபிளக்ஸ் திறந்தது, அதற்கப்புறம் கூட்டம் திரும்ப ஏறியது. அதாவது, மல்டிபிளக்ஸ் உங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்ட கூட்டம் மட்டும் இல்லை, தியேட்டருக்குப் போகும் பழக்கத்தையே விட்டவர்களையும் அது திரும்பக் கூட்டி வருகிறது. அந்தப் பழக்கம் உயிரோடு இருந்தால்தான் உங்களுக்கும் வழி இருக்கிறது.

அதே 1985-ல் லண்டனில் ஃபீனிக்ஸ் என்கிற பழைய ஒற்றைத் திரை தியேட்டரை ஓர் அறக்கட்டளை கையில் எடுத்துக்கொண்டது. போலந்தில் ஷ்செச்சின் நகரத்தில் பியோனியர் என்ற தியேட்டர், உலகின் மிகப் பழைய தியேட்டர்களில் ஒன்று, நூறு வருடத்துக்கு மேலாகப் படம் காட்டிக்கொண்டிருக்கிறது. இவர்கள் பெரிய தியேட்டர்களோடு போட்டி போடவில்லை, தங்களுக்கென்று ஒரு கூட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

உங்களுக்கு நான் சொல்வது வாரத்தில் ஒரே ஒரு காட்சி. ஞாயிறு காலை, பழைய படம். பழைய படங்களை நெகட்டிவிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்து 4கே-யில் கொண்டுவருகிறார்கள், சிறுவயதில் பார்த்ததை விடத் தெளிவாக இருக்கிறது. உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டுச் செய்யுங்கள், டிஸ்க்கைப் போட்டு ஓட்டுகிற வேலை வேண்டாம். முதல் காட்சிக்கே நிறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். எங்கள் முதல் காட்சிக்கு 11 பேர், அதில் ஐந்து பேர் நாங்களே. நான்காவது மாதம் அறுபதைத் தொட்டது. அதே நாள், அதே நேரம், மழை பெய்தாலும் மாறக்கூடாது. நடுவில் இரண்டு வாரம் பெரிய படம் வந்துவிட்டது என்று நிறுத்தினோம், திரும்ப ஆரம்பித்தபோது பாதிப் பேரைக் காணோம். அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

வெறும் படம்தான் காட்ட வேண்டும் என்றும் இல்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா 2006 கடைசியிலிருந்து தன் நிகழ்ச்சிகளைத் தியேட்டர்களுக்கு நேரடியாக அனுப்பிக்கொண்டிருக்கிறது. மேடையும் திரையும் 700 இருக்கையும் இருக்கிற இடம் கச்சேரிக்கும் நாடகத்துக்கும் பள்ளி விழாவுக்கும் பொருத்தமானது.


மூடியவர் எழுதியது:

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் தியேட்டரை மூடி ஆறு வருடம் ஆகிறது.

நாங்கள் கடன் வாங்கி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தோம். புது புரொஜெக்டர், புது இருக்கை, ஹாலை இரண்டாகப் பிரித்து இரண்டு திரை. நடுவே எழுப்பிய சுவர் போதுமான கனமில்லை. கூர்மையான சத்தத்தைச் சுவர் தடுத்துவிடும், அடிநாதத்தைத் தடுக்காது. ஒரு பக்கம் சண்டைப் படம் ஓடும்போது இன்னொரு பக்கம் அழுகிற காட்சியில் சுவர் தும் தும் என்று அதிரும். டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டு வந்தார்கள், கொடுத்தோம். இருக்கை விஷயத்திலும் தவறினோம், துடைக்க வசதி என்று மெத்தை இல்லாத பிளாஸ்டிக் வாங்கினோம். பழைய மெத்தை இருக்கை ஆள் இல்லாதபோதும் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்று எங்களுக்குத் தெரியாது. கூட்டம் இல்லாத நாட்களில் ஹால் முழுக்க எதிரொலி.

ஆனால் எங்களை மூட வைத்தது இவை எதுவும் இல்லை. கட்டி முடித்தபோது கையில் ஒன்றுமில்லை. முதல் மூன்று மாதம் படம் சரியாக அமையவில்லை, தாங்கிப் பிடிக்கப் பணம் இல்லை, தவணை மட்டும் தேதி தவறாமல் வந்தது. பழைய நிலையிலேயே விட்டிருந்தால்கூட இன்னும் ஓடியிருக்கும் என்று சில சமயம் தோன்றும்.

அதனால் உங்களிடம் இருப்பதில் பாதியை எடுத்து வையுங்கள். கூட்டமே வராவிட்டாலும் ஆறு மாதம் சம்பளமும் மின்சாரமும் கட்ட அது போதுமா என்று பாருங்கள். மிச்சத்தில்தான் மராமத்து. உங்கள் அம்மா சொல்வதையும் காது கொடுத்துக் கேளுங்கள், ஒரு வருடம் என்று தேதி குறித்துக்கொள்ளுங்கள், அதற்குள் தலை தூக்கவில்லை என்றால் வாடகைக்கு விடுவதில் எந்த அவமானமும் இல்லை. நாங்கள் தேதி குறிக்கவில்லை, அடுத்த படம் அடுத்த படம் என்று இழுத்துக்கொண்டே போனோம், கடைசியில் நிலமும் போயிற்று.

எங்கள் பழைய பிலிம் புரொஜெக்டரின் லென்ஸ் ஒன்று வீட்டில் இருக்கிறது. வாரம் ஒருமுறை துடைத்து வைப்பேன்.


மூன்றாவது மணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூடியவர் அண்ணா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், அவர் எதுவும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார், மறுநாள் காலையில் அவரே நோட்டை எடுத்துவந்து ஒரு பக்கத்தில் தேதி எழுதினார். ஒரு வருடம். அம்மாவும் சம்மதித்தாள். லேசர் பேச்சு இப்போதைக்கு இல்லை.

மூன்று வாரத்தில் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். இன்ஜினியர் மீட்டரோடு வந்தார். அதற்கு முன்பே ஃபில்டரை எடுத்தாகிவிட்டது, அவர் கேட்டுக்கொண்டதற்காகப் பழையபடி வைத்து ஒருமுறை அளந்தோம், நடுவில் 4. எடுத்தால் 8.5. கண்ணாடியைத் துடைத்த துணியைப் பார்த்துவிட்டு எனக்குப் பேச்சே வரவில்லை, கருப்பு. ரிஃப்ளெக்டர் சுத்தம் செய்து, புது விளக்கு போட்டு, நேர்ப்படுத்திய பிறகு 13.8. ஓரங்கள் இன்னும் குறைவாகத்தான் இருக்கின்றன, திரை மாறும்வரை அப்படித்தான் என்றார். எண்களைச் சுவரில் எழுதி வைத்தாயிற்று. நடு ஸ்பீக்கரின் டயஃப்ரமும் போயிருந்தது, மாற்றினோம். இதுவரை ஆன செலவு மைத்துனர் சொன்ன கடனின் ஒரு மாதத் தவணையைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

நான்கு டிக்கெட் அக்கா, பெண்கள் கழிப்பறை வேலை திங்கட்கிழமை ஆரம்பம். தாழ்ப்பாளும் விளக்கும் அன்றைக்கே மாற்றிவிட்டோம், மற்றவற்றுக்குக் கொத்தனார் வருகிறார், இரண்டு அறை கூடுதலாகக் கட்டுகிறோம். வேலை முடியும்வரை பால்கனி பக்கத்துக் கழிப்பறையைப் பெண்களுக்கு மட்டும் என்று விட்டிருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை சார், நோட்டு போட்டாயிற்று. முதல் வாரத்திலேயே ஒன்று தெரிந்தது, எங்களுக்கு வியாழன் பகல்தான் மோசம், செவ்வாய் இல்லை. ஆறு மாதம் பொறுக்காமல் மூன்று மாதத்திலேயே போய்ப் பேசலாமா, இல்லை அவசரப்பட்டால் காரியம் கெடுமா?

பெரியவர் நேற்று இரண்டாவது காட்சிக்கு வந்தார். நான் எதுவும் சொல்லவில்லை, அவராகச் சொல்லட்டும் என்று இடைவேளையில் வாசலிலேயே நின்றேன். "இன்னைக்கு நல்லாத் தெரியுது தம்பி" என்றார். பிறகு, "ஆனா சீட்டுல கம்பி குத்துது, ரொம்ப நாளா குத்துது, சொல்லணும்னு நெனப்பேன்" என்றார். எல் வரிசை, 14. ராத்திரி காட்சி முடிந்ததும் நானும் அப்பாவும் போய் உட்கார்ந்து பார்த்தோம், உண்மைதான், இடது பக்கம் மெத்தை கிழிந்து ஸ்பிரிங் வெளியே தெரிகிறது. அந்த வரிசையில் இன்னும் ஏழு இருக்கையில் அதேதான். நாளைக்குக் காலையில் கழற்றுகிறோம்.